புதிய கெப் வண்டியைக் கொடுத்துப் பழையது எடுக்கலாமா? – குடும்பக் கணக்குப் பாடம்



இந்த இதழின் குடும்பப் பொருளாதாரப் பாடத்தில் நாம் வண்டிக் கணக்கை எடுத்துக்கொள்கிறோம். இன்று நம்முடைய தோட்டங்களில் முச்சக்கர வண்டி மட்டுமல்ல, கெப் வண்டியும் சின்ன லொறியும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. மரக்கறி ஏற்றுகிறார்கள், பசளை ஏற்றுகிறார்கள், சிறு தோட்டக்காரர்களின் கொழுந்து ஏற்றுகிறார்கள், கலியாண வீட்டுக்குக் கதிரையும் தகரமும் ஏற்றுகிறார்கள். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பேர் போட, மகன் வண்டி ஓட்டுகிறான். இது நல்ல முன்னேற்றந்தான்.

ஆனால் வண்டி வாசலில் நின்றாலும் அதற்குப் பின்னால் லீசிங் தவணை நிற்கிறது. தவணை கழுத்தைப் பிடிக்கும்போது பல வீடுகளில் ஒரு யோசனை எழும்புகிறது. "இந்தப் புது வண்டியக் குடுத்துட்டு, கடன் இல்லாத பழைய வண்டி ஒண்ணு எடுத்துக்கிட்டா என்ன?" என்பதே அது. இதற்கு 'ஆமாம்' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரே வார்த்தையில் பதில் இல்லை. கணக்குப் போட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதில் வரும். அந்தக் கணக்கைப் போடும் முறையைத்தான் இங்கே படிக்கப் போகிறோம். வீட்டில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கொப்பியும் பேனையும் வேண்டும்.

1. இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு பெரிதாகியது?

முதலில் நாட்டு நிலைமையைக் கொஞ்சம் பார்ப்போம். 2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் மறுபடி பரவலாகத் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் புது வண்டி வராததால் ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிகளின் விலை ஏறிப்போனது. வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்களும் உண்டு. ஆகவே பழைய வண்டி என்றாலே மலிவு என்ற காலம் போய்விட்டது.

அடுத்தது டீசல். 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபா. 2022 ஜூன் கடைசியில் அதுவே 460 ரூபா. ஆறே மாதத்தில் கிட்டத்தட்ட நாலு மடங்கு. பெற்றோல் செட்டில் இராத்திரி பகலாகக் கிடந்ததையும், கியூ.ஆர். அட்டைக்கு அளந்து ஊற்றியதையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். விலை பின்னர் இறங்கியது உண்மை. ஆனாலும் 2021 இன் விலைக்குத் திரும்பவில்லை. டீசல் அதிகம் குடிக்கும் வண்டிக்கும் குறைவாகக் குடிக்கும் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் முன்பு சில்லறைக் காசு. இன்று அது ஒரு மாத அரிசிக் காசு.

மூன்றாவது வட்டி. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன்னுடைய கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்தச் சமயத்தில் லீசிங் எடுத்தவர்கள் கூடிய வட்டியில் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த மூன்றும் சேர்ந்துதான் வீட்டில் தூக்கத்தைக் கெடுக்கின்றன. பிள்ளைக் காம்பராவில் நாம் நடத்திய ஒரு கூட்டத்தில் கொழுந்தெடுக்கும் தாயார் ஒருவர் எழும்பிக் கேட்டார்:

"ஐயா, மாசம் பொறந்தா லீசிங்லருந்து போன் வந்துருது. மகன் சோறு திங்காமப் படுத்துக்கிறான். பழைய வண்டியா எடுத்தா மாசக் காசு கட்டத் தேவையில்லத்தானே. நிம்மதியா இருக்கலாமுல்ல?"

நாம் சொன்னோம்: "அம்மா, தவணை இல்லாமப் போறது சரி. ஆனா அந்தக் காசு முழுசா வீட்டுக்கு வந்து சேருமா, இல்ல வேற வழியாப் போயிருமான்னு பார்த்துட்டுச் சொல்லுவோம்."

பார்ப்போம்.

2. வண்டிக்கு எத்தனை வாய்?

வண்டிக்குத் தவணை என்ற ஒரு வாய்தான் இருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் ஆறு வாய் இருக்கிறது:

(அ) லீசிங் தவணை.
(ஆ) டீசல்.
(இ) சேர்விஸ், எண்ணெய், டயர், பிரேக், கிளச்.
(ஈ) காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும். லீசிங் இருக்கும் வரை முழுக் காப்புறுதி போடச் சொல்வார்கள். லீசிங் இல்லாவிட்டால் மூன்றாந்தரப்புக் காப்புறுதியோடு ஓடலாம். ஆனால் அப்போது வண்டி பள்ளத்தில் விழுந்தால் நட்டம் நம்முடையது.
(உ) திடீர் உடைவுக்கு ஒதுக்கி வைக்கும் காசு.
(ஊ) வண்டி கராஜில் நிற்கும் நாட்களில் இழக்கும் வருமானம்.

கடைசியாகச் சொன்ன இந்த வாயை அநேகமானோர் கணக்கில் எடுப்பதில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, சம்பளம் இல்லை என்று நமக்குத் தெரியும். வண்டிக்கும் அதே விதிதான். மூன்று நாள் கராஜில் நின்றால் மூன்று நாள் பேர் போச்சு. அதோடு, நம்மை நம்பி மரக்கறி மூட்டையைக் கட்டி வைத்தவர் அடுத்த முறை வேறு வண்டிக்காரரைத் தேடிப் போவார்.

3. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கீழே உள்ள தொகைகள் கணக்குப் பழகுவதற்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் வீட்டுக் கணக்குக்கு உங்கள் தொகைகளைப் போட வேண்டும்.

ஒரு குடும்பத்திடம் ஏழெட்டு வயதான கெப் வண்டி ஒன்று இருக்கிறது. இன்று விற்றால் 34 இலட்சம் போகும். லீசிங்கை இன்றே முடிப்பதானால் 14 இலட்சம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மாதம் 48,000 வீதம் இன்னும் 40 தவணை.

விற்று லீசிங்கை முடித்தால் கையில் நிற்பது: 34 – 14 = 20 இலட்சம்.

அந்த 20 இலட்சத்தில் முப்பது வயதான பழைய கெப் வண்டி ஒன்று 17 இலட்சத்துக்குக் கிடைக்கிறது. வாங்கியவுடன் செய்ய வேண்டிய திருத்தத்துக்கு ஒன்றரை இலட்சம், பெயர் மாற்றம், காப்புறுதி முதலியவற்றுக்கு அரை இலட்சம். மிச்சம் ஒரு இலட்சம்.

மேலோட்டமாகப் பார்த்தால் வெல்லம் போல் இருக்கிறது. கடன் போச்சு, வண்டி இருக்கிறது, கையில் ஒரு இலட்சமும் இருக்கிறது. இனி மாதக் கணக்கு.

முதலாவது நிலைமை: மகன் தினமும் ஹயர் ஓடுகிறான். மாதம் 1,200 கிலோமீற்றர். புதியது லீற்றருக்கு 12 கி.மீ., பழையது 8 கி.மீ. கணக்குக்கு டீசலை லீற்றர் 300 ரூபா என்று வைப்போம். ஒரு நாள் ஓட்டத்தில் டீசல் போகக் கைக்கு வருவது 5,000 ரூபா.

தவணை: புதியது 48,000, பழையது இல்லை.
டீசல்: புதியது 30,000, பழையது 45,000.
சேர்விஸ், டயர் வகை: புதியது 8,000, பழையது 20,000.
காப்புறுதி, அனுமதிப்பத்திரம்: புதியது 7,000, பழையது 3,000.
உடைவு ஒதுக்கு: புதியது 2,000, பழையது 10,000.
நின்ற நாள் நட்டம்: புதியது ஒரு நாள் 5,000, பழையது மூன்று நாள் 15,000.
மொத்தம்: புதியது 100,000. பழையது 93,000.

பார்த்தீர்களா? தவணை 48,000 இல்லாமற் போனது. ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்தது 7,000 மட்டுந்தான். மிச்சம் 41,000 டீசல் தாங்கியிலும் கராஜிலும் போய்விட்டது. முன்பு லீசிங் கொம்பனிக்குக் கொடுத்ததை இப்போது பெற்றோல் செட்டுக்கும் மெக்கானிக் பாஸுக்கும் கொடுக்கிறோம். ஆள்தான் மாறியிருக்கிறது.

இன்னும் ஒரு வித்தியாசம் உண்டு. லீசிங் தவணைக்கு ஒரு முடிவு இருக்கிறது. 40 மாதம் கழித்துப் புதிய வண்டியின் மாதச் செலவு 52,000 ஆக இறங்கும். அதற்கும் வயது ஏறுவதால் திருத்தச் செலவைக் கூட்டி 60,000 என்றே வைப்போம். பழைய வண்டியின் 93,000 இறங்காது. வயது போகப் போக ஏறத்தான் செய்யும்.

40 மாத முடிவில் சொத்துக் கணக்கு: வைத்திருந்த வண்டி 25 இலட்சம் பெறுமதி, கடன் இல்லை. மாற்றியிருந்தால் பழைய வண்டி 14 இலட்சம், கையில் வைத்த ஒரு இலட்சம், மாதம் 7,000 வீதம் மிச்சம் பிடித்தது 2 இலட்சத்து 80 ஆயிரம். ஆக 17 இலட்சத்து 80 ஆயிரம். மாற்றாமல் இருந்த வீட்டுக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம் கூட. எனவே தினமும் ஓடுகின்ற வண்டியை மாற்றுவது இந்தக் கணக்கில் நட்டம்.

இரண்டாவது நிலைமை: அதே வண்டிகள். ஆனால் மகன் வேறு வேலை செய்கிறான். வண்டி சொந்த மரக்கறித் தோட்டத்துக்கும் கிழமைக்கு இரண்டு ஓட்டத்துக்கும் மட்டுமே. மாதம் 400 கிலோமீற்றர்.

தவணை: புதியது 48,000, பழையது இல்லை.
டீசல்: புதியது 10,000, பழையது 15,000.
சேர்விஸ் வகை: புதியது 4,000, பழையது 10,000.
காப்புறுதி வகை: புதியது 7,000, பழையது 3,000.
உடைவு ஒதுக்கு: புதியது 1,000, பழையது 5,000.
நின்ற நாள் நட்டம்: புதியது இல்லை, பழையது ஒரு நாள் 5,000.
மொத்தம்: புதியது 70,000. பழையது 38,000.

இங்கே மாதம் 32,000 மிச்சம். 40 மாதத்தில் 12 இலட்சத்து 80 ஆயிரம். அதோடு பழைய வண்டி 14 இலட்சம், கையிருப்பு ஒரு இலட்சம். ஆக 27 இலட்சத்து 80 ஆயிரம். வைத்திருந்தால் 25 இலட்சம். இந்த வீட்டுக்கு மாற்றுவதே இலாபம். ஓடாமல் நிற்கிற வண்டிக்கு ஓடுகிற வண்டியின் தவணை கட்டுவது வீண்.

நாம் போட்ட இந்தத் தொகைகளின்படி மாதம் 600 கிலோமீற்றர் அளவில் இரண்டும் சமமாக வருகின்றன. அதற்குக் கூட ஓடினால் புதியதை வைத்திருப்பது நல்லது. அதற்குக் குறைந்தால் மாற்றுவது நல்லது. உங்கள் வண்டிக்கு இந்த எல்லை வேறாக இருக்கலாம். ஆனால் ஒரு எல்லை இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடம்.

4. கணக்கை மீறிய ஒரு கேள்வி

"வைத்திருந்தால் இலாபம்" என்று கணக்குச் சொன்னாலும், 40 மாதமும் தவணை கட்ட முடிந்தால்தான் அந்த இலாபம் நமக்கு. பாதியில் கட்ட முடியாமல் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனால் வண்டியும் போகும், கட்டிய காசும் போகும்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கடந்த 12 மாதத்தில் வண்டி வருமானம் மிகக் குறைந்த மூன்று மாதங்களை எடுங்கள். வறட்சியில் கொழுந்து குறைந்த மாதமாக இருக்கலாம், மழையில் பாதை உடைந்த மாதமாக இருக்கலாம். அந்த மூன்று மாதங்களிலும் அடகு வைக்காமல், வட்டிக்கு வாங்காமல் தவணை கட்ட முடிந்ததா? முடிந்தது என்றால் வண்டியை வைத்திருக்கலாம். அம்மாவின் கம்மலும் அக்காவின் சீட்டுக் காசும் தவணைக்குப் போயிருந்தால், அந்த வண்டியைக் குடும்பத்தின் வருமானம் தாங்கவில்லை என்றே அர்த்தம். அப்போது இலாபக் கணக்கை விட்டுவிட்டு, வண்டி இன்னும் நம் கையில் இருக்கும்போதே விற்பதுதான் புத்தி. நாமாக விற்றால் சந்தை விலை கிடைக்கும். பறித்துக்கொண்டு போய் விற்றால் அந்த விலை கிடைக்காது.

5. லீசிங் வண்டியை விற்பதில் கவனம்

லீசிங்கில் எடுத்த வண்டி தவணை முடியும் வரை நமக்குச் சொந்தமில்லை. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வண்டியின் உரிமை கொம்பனிக்கு. நாம் பாவிப்பவர் மட்டுமே. பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால் அவர்களின் பெயர் பதிந்திருக்கும். எனவே முறையாக விற்பதானால் வழி இது:

- இன்றைய திகதிக்கு முடிப்புத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை எடுக்க வேண்டாம். மீதித் தவணைகளைக் கூட்டிய தொகையும் முடிப்புத் தொகையும் ஒன்றல்ல. நமது உதாரணத்தில் 40 தவணை 19 இலட்சத்து 20 ஆயிரம். முடிப்புத் தொகை 14 இலட்சம்.
- தாமதக் கட்டணம் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள்.
- வாங்குபவரின் காசிலிருந்து முதலில் லீசிங்கை முடித்து, உரிமை விடுவிப்புக் கடிதத்தைப் பெற்ற பிறகே கைமாற்றுங்கள்.

இப்போது ஒரு ஆபத்தான பழக்கம் பரவியிருக்கிறது. "வண்டிய எனக்குக் குடுங்க அண்ணே, மிச்சத் தவணைய நானே கட்டிக்கிறேன். இந்தாங்க கைக்கு அஞ்சு இலட்சம்" என்று ஒருவர் வருவார். கொம்பனிக்குத் தெரியாமல் வண்டி அவர் கைக்குப் போகும். கடன் நம்முடைய பெயரிலேயே இருக்கும். அவர் இரண்டு மாதம் கட்டுவார். மூன்றாம் மாதம் போன் எடுக்க மாட்டார். விபத்து நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நாம்.

அது மட்டுமல்ல, பிணை நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் வெளியாட்கள் அல்ல. அதே லயத்து மச்சான், அடுத்த காம்பரா சித்தப்பா. நாம் கட்டாத தவணை அவர்கள் தலையில் விழும். கடன் தகவல் பணியகத்தின் 'கிறிப்' அறிக்கையில் நமது பெயர் கெட்டால், நாளைக்கு அவசரத்துக்கு வங்கியில் கடன் எடுக்கப் போகும்போது கதவு மூடியிருக்கும். ஒரு வண்டிக்காக ஒரு லயமே பேச்சுவார்த்தை இல்லாமற் போன கதைகள் தோட்டங்களில் உண்டு. ஆகவே இந்த மாதிரிக் கைமாற்றத்துக்குச் சம்மதிக்க வேண்டாம்.

6. மாத்து வியாபாரத்தில் இரண்டு விலை

வாகன விற்பனை நிலையத்தில் வண்டிக்கு வண்டி மாத்துவது இலேசான வழிதான். "உங்க வண்டிய விட்டுட்டு அந்த வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க, கைக்கு இவ்வளவு தாறோம்" என்பார்கள். கைக்கு வருகிற காசைப் பார்த்து மயங்கக் கூடாது. இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று, என் வண்டியை மட்டும் விற்றால் எவ்வளவு தருவீர்கள்? இரண்டு, இந்தப் பழைய வண்டியை மட்டும் காசுக்கு வாங்கினால் எவ்வளவு? நம்முடையதை இரண்டு இலட்சம் குறைத்தும் அவர்களுடையதை இரண்டு இலட்சம் கூட்டியும் வைத்தால், ஒரே மாத்தில் நாலு இலட்சம் போய்விடும். இரண்டு விலையையும் பத்திரிகை விளம்பரங்களோடும், குறைந்தது இன்னும் இரண்டு இடங்களின் விலையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

7. பழைய வண்டியைப் பார்க்கும் முறை

பழைய வண்டிக்குச் சில நல்ல குணங்கள் உண்டு. 1980, 1990 களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ், நிசான், மிட்சுபிசி போன்ற டீசல் கெப் வண்டிகளின் எஞ்சின் அநேகமாகக் கம்பியூட்டர் இல்லாதது. டீசல் பம்பு இயந்திர முறையில் வேலை செய்வது. பக்கத்து டவுன் மெக்கானிக்கே கழற்றிப் பூட்டுவார். புதிய கொமன் ரெயில் எஞ்சின் டீசலைக் குறைவாகக் குடிக்கும், இழுவையும் கூட. ஆனால் அழுக்கு டீசலைத் தாங்காது. இன்ஜெக்டர் பழுதானால் செலவு பெரிது, கம்பியூட்டர் பூட்டிப் பார்க்கிற கராஜுக்குத்தான் போக வேண்டும். ஆகவே புதியது எல்லாம் நல்லது, பழையது எல்லாம் கெட்டது என்று சொல்ல முடியாது. அந்தப் பழைய வண்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்தாவது கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். நீங்களும் கீழுள்ளவற்றைப் பாருங்கள்:

- காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகிறதா என்பது பெரிய சோதனை.
- புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை விடாமல் வந்தால் டீசல் அளவு அல்லது காற்று வழி சரியில்லை. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும்.
- எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபு என்று அடித்தால் எஞ்சின் தேய்ந்துவிட்டது.
- ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறவுங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதக்கக் கூடாது.
- டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேளுங்கள். சாதாரணமாக 100,000 கி.மீ. அளவில் மாற்ற வேண்டியது. பதில் தெரியாவிட்டால் வாங்கிய உடனே மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினே போய்விடும்.
- மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள், கிளச் வழுக்குகிறதா என்று தெரியும். இறக்கத்தில் இரண்டாம், மூன்றாம் கியரில் காலை எடுத்துப் பாருங்கள், கியர் தானாகக் கழன்று விழக் கூடாது. நம்முடைய மலைப்பாதையில் இறக்கத்தில் கியர் கழன்றால் உயிர் ஆபத்து.
- வண்டிக்குக் கீழே படுத்துச் செசியைப் பாருங்கள். ஸ்பிரிங் பூட்டும் இடத்தில் துரு, வெல்டிங், புதிதாக அடித்த கறுப்புத் தார் இருந்தால் விடாமல் கேளுங்கள். எஞ்சினை மாற்றலாம். செசி போனால் வண்டியே போச்சு.
- 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி நமது மலையகத்தை அடித்தபோது வாகனங்கள் பலவும் வெள்ளத்திலும் சேற்றிலும் அகப்பட்டன. அப்படி முழுகிய வண்டியைக் கழுவிப் பூசி விற்கக்கூடும். கால் விரிப்புக்கு அடியில் சேறு, சீட்டு அடிக் கம்பியில் துரு, விளக்குக்குள் தண்ணீர்த் தடம், பூஞ்சை மணம் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

8. பத்திரங்கள்

வண்டி நல்லது, பத்திரம் கெட்டது என்றால் அதுவும் கெட்ட வண்டிதான்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் எஞ்சின் மாற்றியிருப்பார்கள். அதைப் புத்தகத்தில் பதிந்திருக்க வேண்டும். புகைச் சான்றிதழ், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். லொறி என்று பதிவான வண்டியானால் தகுதிச் சான்றிதழும் வேண்டும். அனுமதிப்பத்திரம் பல வருடம் புதுப்பிக்கப்படாமல் இருந்தால் அந்தப் பாக்கியும் நம் தலையில் வரும். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

'ஓப்பன் பேப்பர்' என்று சொல்லி, கையெழுத்து மட்டும் வைத்த பத்திரத்தோடு வண்டியைத் தருவார்கள். வேண்டாம். கைமாறி 14 நாட்களுக்குள் விற்றவரும் வாங்கியவரும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். நாம் விற்கும் வண்டிக்கும் இது பொருந்தும். நமது பெயரில் இருக்கும் வண்டி யாரோ கையில் குற்றத்துக்குப் பாவிக்கப்பட்டால் பொலிஸ் வருவது நமது லயத்துக்குத்தான்.

9. இரண்டு வழி மட்டுந்தானா?

மாற்றுவது, மாற்றாமல் வைத்திருப்பது என்ற இரண்டுக்கும் நடுவே வேறு வழிகளும் உண்டு:

- தவணை பிந்துவதற்கு முன்பே கொம்பனிக்குப் போய், காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேட்கலாம். மொத்த வட்டி கூடும், ஆனால் மாதம் மூச்சு விடலாம். மூன்று தவணை பிந்திய பிறகு போவதைவிட ஒரு தவணையும் பிந்தாமல் போகிறவருக்கு மரியாதை கூட.
- பெரிய கெப்பைக் கொடுத்து, அதே வயதுள்ள சின்ன லொறி எடுக்கலாம். டாட்டா ஏஸ், அதாவது நாம் சொல்லும் 'டிமோ பட்டா', 702 சீ.சீ. இரட்டைச் சிலிண்டர் டீசல் எஞ்சினோடு வந்தது. முக்கால் தொன் அளவுச் சுமைக்கு ஆனது. உங்கள் சுமை அதற்குள் அடங்குமானால் டீசலும் மிச்சம். ஆனால் அளவுக்கு மேல் ஏற்றி மலை இறக்க நினைத்தால் பிரேக் தாங்காது.
- மாதம் நாலைந்து ஓட்டந்தான் என்றால், வண்டியே வைக்காமல் தேவைக்கு ஹயர் பிடிப்பது எல்லாவற்றிலும் மலிவு. வண்டி இல்லாவிட்டால் மரியாதை குறையும் என்று எண்ண வேண்டாம். கடனில்லாத வீட்டுக்குத்தான் மரியாதை.

10. சேமலாப நிதியைப் பற்றி ஒரு வார்த்தை

ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். பெற்றோர் அந்தக் காசை எடுத்தவுடன் பிள்ளைகள் கேட்பது வண்டிதான். இருபது, முப்பது வருடம் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று சேர்த்த காசு அது. மாத்து வியாபாரத்தில் குறைகிற இலட்சங்களை நிரப்ப அதை எடுப்பதானால், பாதியாவது தாயாரின் பெயரில் வங்கியில் இருக்கட்டும். பழைய வண்டியை ஒரு நாள் இரும்புக்குப் போடுவார்கள். அம்மாவின் மருந்துச் செலவு நிற்காது. இதை அம்மாவும் உட்கார்ந்திருக்கும்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

வீட்டுப் பாடம்

ஒரு கொப்பித் தாளை நடுவே கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கம் 'இருக்கும் வண்டி', மறு பக்கம் 'எடுக்க நினைக்கும் வண்டி'. பின்வருவனவற்றுக்கு விடை எழுதுங்கள்:

1. வண்டி மாதம் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது? மனதால் சொல்ல வேண்டாம். ஒரு மாதம் மீற்றரைப் பார்த்து எழுதுங்கள்.
2. ஆறு வாய்க்கும் மாதம் எவ்வளவு?
3. இன்றைய முடிப்புத் தொகை எழுத்தில் வாங்கியாயிற்றா?
4. மிகக் குறைந்த மூன்று மாத வருமானத்தில் தவணை கட்ட முடிந்ததா?
5. தவணை முடிய எத்தனை மாதம்? முடிந்த பிறகு இரு வண்டிகளின் பெறுமதி என்னவாக இருக்கும்?
6. பிணை நின்றவர்களிடம் விசயத்தைச் சொல்லியாயிற்றா?

ஆறுக்கும் விடை எழுதிய பிறகு வண்டியைப் பார்க்கப் போங்கள். விடை எழுதாமல் போனால் பெயின்ற் பளபளப்பைப் பார்த்து மனது முடிவு செய்துவிடும். தாளை நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வந்தால் நாமும் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்ப்போம். லீசிங் கடிதங்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் அவற்றையும் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம். கையெழுத்துப் போட்ட பிறகு கொண்டு வருவதைவிட, போடுவதற்கு முன்பு கொண்டு வருவது நல்லது.